பீப்பாயில் காசு போட்டுக் காப்பாத்தின டீம்

ஒரு ஐபிஎல் டீம் நாளைக்குக் கடன்ல மூழ்கப் போகுதுன்னு வைங்க. நீங்க என்ன செய்வீங்க? ரெண்டு மீம் போடுவீங்க. டீம் ஓனரோடது, கடனும் அவரோடது. ஜப்பான் பேஸ்பாலிலும் பெரும்பாலும் இதே கதைதான். யோமியூரி ஜயன்ட்ஸ் ஒரு பத்திரிகை கம்பெனியோட டீம், ஹான்ஷின் டைகர்ஸ் ஒரு ரயில்வே கம்பெனியோட டீம். ஹிரோஷிமா கார்ப் மட்டும் அப்படிப் பிறக்கல.

1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்த அதே ஹிரோஷிமாதான். நாலே வருஷத்தில், 1949 கடைசியில், அங்கே ஒரு ப்ரொஃபஷனல் டீம் உருவாகி, 1950-ல் சென்ட்ரல் லீக்கில் இறங்கியது. வீடே இன்னும் முழுசா எழும்பல, டீம் எதுக்குன்னு கேட்கத் தோணும். ஆனா போருக்கு முன்னாடியே பள்ளி பேஸ்பாலில் பேர் வாங்கின ஊர் அது. கார்ப்னா கெண்டை மீன். ஹிரோஷிமா கோட்டைக்கே கெண்டைக் கோட்டைன்னு ஒரு பேர் உண்டு. முதல்ல 'கார்ப்ஸ்'னு வைக்கப் பார்த்தாங்க, பன்மையிலும் அது 'கார்ப்'தான்னு யாரோ சொன்னதும் மாத்திட்டாங்க. (அந்த ஊர்லயும் ஒரு கிராமர் மிஸ் இருந்திருக்காங்க போல.)

பின்னாடி கம்பெனி இல்லைன்னா சம்பளம் எங்கிருந்து வரும்? வரல. முதல் சீசனில் எட்டு டீம்ல கடைசி இடம். 1951-ல் பணமே இல்லாம, தாய்யோ டீமோட சேர்த்துடலாம்ங்கிற பேச்சு வந்தது. மேனேஜர் ஷுய்ச்சி இஷிமோட்டோ ஹிரோஷிமாக்காரர். அவர் ஊர் ஊராப் போய் ஆதரவாளர் சங்கங்களைச் சேர்த்தார். மைதான வாசலில் சாகே பீப்பாய்களை வெச்சாங்க. மேட்ச் பார்க்க வந்தவங்க, கையில் இருந்த சில்லறையை அதில் போட்டாங்க. குண்டு விழுந்த ஊர்ல யார் கையில் பெருசா என்ன இருந்திருக்கும்? ஆனாலும் டீம் பிழைச்சது.

அடுத்த வருஷம் இன்னொரு கண்டம். 30 சதவீதத்துக்குக் கீழே ஜெயிக்கிற டீமைக் கலைச்சிடணும்னு லீக் முடிவெடுத்தது. நமக்குப் பழக்கமான பாஸ் மார்க் கணக்குதான். கார்ப் 37 வெற்றி, 80 தோல்வி. 31.6 சதவீதம், ஜஸ்ட் பாஸ்! 28.8 எடுத்த ஷோச்சிக்கு ராபின்ஸ்தான் மாட்டினாங்க. கடைசியில் தாய்யோவோட சேர்ந்ததும் அவங்கதான்.

இவ்வளவு போராடிப் பிழைச்ச டீம் உடனே கப் அடிச்சிருக்கும்னு நினைப்பீங்க. இல்ல. 1968-ல் இன்னிக்கு மாஸ்டான்னு நாம சொல்ற கார் கம்பெனி முக்கியப் பங்குதாரர் ஆச்சு. அப்புறமும் 1972, 73, 74 மூணு வருஷமும் கடைசி இடம். 1975-ல் மேனேஜரா வந்த அமெரிக்கர் ஜோ லட்ஸ், தொப்பியைச் சிவப்பாக்கினார். அம்பயரோட தகராறு பண்ணி, சீசன் ஆரம்பத்திலேயே கிளம்பியும் போயிட்டார். தொப்பி தங்கிடுச்சு. டகேஷி கோபா பொறுப்பெடுத்து, அந்த வருஷமே முதல் லீக் பட்டம். அப்புறம் 1979, 80, 84-ல் ஜப்பான் சீரிஸும் ஜெயிச்சாங்க. அந்த டீம்ல இருந்த சாச்சியோ கினுகாசா, தோள்பட்டை எலும்பு உடைஞ்ச மறுநாளே பேட்டோட வந்து நின்னவர். தொடர்ந்து 2,215 மேட்ச் ஆடினார்.

1991-க்கு அப்புறம் 25 வருஷம் பட்டமே இல்ல. ப்ளேயர்கள் இஷ்டப்பட்ட டீமுக்குப் போகலாம்னு ரூல் வந்ததும், காசு குறைஞ்ச டீமுக்கு அடிதான். தகாஹிரோ அராய் 2007 சீசன் முடிஞ்சதும் அழுதுகிட்டே ஹான்ஷினுக்குப் போனார். ஹிரோகி குரோடா அமெரிக்கா போனார்.

ரெண்டு பேரும் 2015-ல் திரும்பி வந்தாங்க. குரோடா அமெரிக்காவிலேயே இருந்திருந்தா இதைவிடப் பல மடங்கு சம்பளம் கிடைச்சிருக்கும். 2016 செப்டம்பர் 10, டோக்கியோ டோம்ல ஜயன்ட்ஸை ஜெயிச்சு பட்டத்தை உறுதி பண்ணினாங்க. அன்னிக்கு வெற்றி பிட்சர் குரோடா. மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுத வீடியோ யூடியூப்ல இருக்கு, தேடிப் பாருங்க.