ஓம் அறிந்து இணைத்தல்

பெங்களூரு ஜெ. சி. சாலையில் மகிழுந்துத் துணைக்கருவிகளை விற்கும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. இருக்கை உறைகள், முகப்பு விளக்குகள் ஆகியவற்றுடன் பெரிய வட்டமான சப்வூஃபர்களும் அங்கே கிடைக்கும். மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்க வல்லது. அவற்றுள் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழொலிகளை, அதாவது தவிலின் தொப்பிப் பக்கம் தரும் முழக்கம் போன்றவற்றை, எழுப்புவதே சப்வூஃபரின் பணி. அதன் அகன்ற கூம்பு மிகுந்த காற்றை முன்னும் பின்னும் தள்ள வேண்டியிருப்பதால் அதற்கு மின்திறனும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. பாட்டுக் கருவியிலிருந்து வரும் சிறிய மின்சைகையை வலிமைப்படுத்தித் தருவது ஆம்ப்ளிஃபையர். அதனைத் தமிழில் பெருக்கி என்பர்.

பெரிய பெருக்கியும் பெரிய சப்வூஃபரும் வாங்கிப் பொருத்தினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், வாட் எண்ணைப் பார்க்குமுன் பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அதுவே ஓம்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றுக்கும் இடையிலான தொடர்பை ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்டார். அவர் பெயராலேயே தடையின் அலகு வழங்குகிறது. சப்வூஃபரின் உள்ளே காந்தத்தின் நடுவில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது மின்னோட்டத்திற்குக் காட்டும் எதிர்ப்பு 4 ஓம் என்றோ 2 ஓம் என்றோ அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். பெருக்கி 20 வோல்ட் அழுத்தம் தருவதாகக் கொள்வோம். 4 ஓம் சுருளில் 5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும்; 2 ஓமில் 10 ஆம்பியர்; 1 ஓமில் 20 ஆம்பியர். ஓம் குறையக் குறையப் பெருக்கியின் மீது சுமை ஏறுகிறது. எவ்வளவு வரை தாங்கும் என்பதைப் பெருக்கியைச் செய்தவர்கள் குறைந்தபட்ச ஓம் அளவாகக் குறிப்பிட்டிருப்பர்.

இங்கேதான் பலரும் தடுமாறுகின்றனர். இரண்டு சப்வூஃபர்களை இணைத்தால் தடை கூடும் என்று தோன்றும். தொடரிணைப்பில் அது உண்மையே: 4 ஓமும் 4 ஓமும் சேர்ந்து 8 ஓம் ஆகும். பக்க இணைப்பிலோ தடை பாதியாகி 2 ஓமாக இறங்கும். ஓசூர்ச் சாலை வழியே ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியை அறிந்திருக்கும். ஒரு வாயில் மட்டும் திறந்திருந்தால் வண்டிகள் தேங்கும்; இரண்டு வாயில்கள் திறந்தால் அதே நேரத்தில் இருமடங்கு வண்டிகள் கடக்கும். பக்க இணைப்பில் ஒவ்வொரு சுருளும் மின்னோட்டத்திற்குத் திறந்த ஒரு வாயில்.

எடுத்துக்காட்டாக, ஒரு பெருக்கி 4 ஓமில் 300 வாட்டும் 2 ஓமில் 500 வாட்டும் தருகிறது. அதன் குறைந்தபட்ச அளவு 2 ஓம் எனக் கொள்வோம். ஒற்றைச் சுருளுடைய 4 ஓம் சப்வூஃபர்கள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைத்தால் மொத்தம் 2 ஓம். ஒவ்வொன்றுக்கும் 250 வாட் சேரும். பொருத்தம் சரி. ஆனால், சில சப்வூஃபர்களில் இரண்டு சுருள்கள் இருக்கும். ஒவ்வொரு சுருளும் 4 ஓம் என்றால், அத்தகைய சப்வூஃபர்கள் இரண்டில் நான்கு சுருள்கள் உள்ளன. நான்கையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 1 ஓம்தான் எஞ்சும். பெருக்கி கொதித்துத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டால் நல்வாய்ப்பு. இல்லையேல் அதன் உறுப்புகள் கருகும். அவ்விரு சப்வூஃபர்களையே வேறு வகையில் இணைக்கலாம். ஒவ்வொன்றின் இரு சுருள்களையும் தொடராக இணைத்தால் 8 ஓம். பின்னர் இரண்டையும் பக்கமாக இணைத்தால் 4 ஓம். ஒலி சற்றுக் குறைந்தாலும் பெருக்கி பிழைக்கும்.

இனி வாட். பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் 2000 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஒரு நொடிப்பொழுது மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்கும் அளவை ஆர்.எம்.எஸ். என்று குறிப்பேட்டின் உள்ளே சிறிய எழுத்தில் காணலாம். ஒப்பிட வேண்டியது அதனையே. பெருக்கியில் உள்ள கெயின் திருகையும் பலர் ஒலியளவுத் திருகு என்று கருதி முழுவதும் திருப்பிவிடுகின்றனர். அப்போது ஒலி அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. தட்டையான அலை, அதே உயரமுள்ள இயல்பான அலையைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு திறனைச் சுருளில் செலுத்தக்கூடும். பாட்டு கரகரக்கும்போதே சுருள் சூடேறத் தொடங்கிவிடுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மின்கலத்திலிருந்து பெருக்கிக்கு வரும் கம்பி. 500 வாட் ஒலிக்காக நூற்றுக்கு எண்பது பங்கு திறமையுள்ள பெருக்கிகூட 625 வாட்டை இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். ஆகவே 45 ஆம்பியருக்குச் சற்றே குறைவான மின்னோட்டம் தேவை. 55 வாட் முகப்பு விளக்குகள் பதினொன்றை ஒருங்கே எரிப்பது போன்றது இது. ஐந்து மீட்டர் நீளமும் 4 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செம்புக் கம்பியில் 45 ஆம்பியர் பாய்ந்தால், கம்பியிலேயே ஏறத்தாழ 43 வாட் வெப்பமாக வீணாகும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது 11 வாட் அளவுக்குக் குறையும். செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பியும் கடைகளில் உண்டு, விலை குறைவு. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே ஆதலால், அக்கம்பி இன்னும் பருமனாக இருத்தல் வேண்டும்.

இக்கம்பி எஞ்சின் அறையையும் இருக்கைப் பகுதியையும் பிரிக்கும் இரும்புத் தகட்டின் துளை வழியே வருகிறது. துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை மெல்ல அறுக்கும். செம்பு தகட்டைத் தொட்ட கணத்தில் மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சும். கம்பி பழுத்துத் தீப்பற்றும். அதனால்தான் மின்கலத்திலிருந்து 45 சென்டிமீட்டர் தொலைவுக்குள் ஓர் உருகியை வைக்கின்றனர். பெருக்கியிலும் உருகி இருக்கிறதே என்று சிலர் இதனை விட்டுவிடுவர். அது பெருக்கியை மட்டுமே காக்கும். இடையில் உள்ள நீண்ட கம்பியைக் காப்பது மின்கலத்தருகே உள்ள உருகியே. அதன் அளவு கம்பி தாங்கும் அளவை மிஞ்சலாகாது. அடிக்கடி அறுகிறது என்று அதற்குப் பதிலாகப் பெரிய உருகியை வைப்பது, காவலாளியைத் தூங்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பெங்களூருக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி நின்றபடி உறுமும்போது, மின்னாக்கி தன் முழு அளவை வழங்க இயலாது. குறையை மின்கலம் ஈடுகட்டுகிறது. குளிரூட்டியும் விளக்கும் சப்வூஃபரும் சேர்ந்து இயங்கினால், தாழொலி அதிரும்போதெல்லாம் முகப்பு விளக்கு மங்குவதைக் காணலாம். அப்போது ஒலியைக் குறைப்பதே தக்கது.

பொருத்தும் வேலை பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கு உரியது. அவர்கள் முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுவர். அதையே கடைசியில் மாட்டுவர். திருகுச்சாவி தவறி வண்டியின் உடலைத் தொட்டாலும் பொறி பறக்காமல் இருக்கவே இவ்வொழுங்கு. பெருக்கியோடு இணைக்குமுன் சப்வூஃபர் கம்பிகளின் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பர். எஸ். பி. சாலைக் கடைகளில் கிடைக்கும் எளிய மல்டிமீட்டரே இதற்குப் போதும். 4 ஓம் சுருள் பெரும்பாலும் நான்குக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும், அது பிழையன்று. 4 ஓம் எதிர்பார்த்த இடத்தில் முள் 1 ஓம் அருகே நின்றால், இணைப்பைப் பிரித்து மீண்டும் கட்டுவர்.