மாந்தோப்பில் வெளுக்கும் சிவப்பு

2025 ஜூன், ஜூலையில் சித்தூர் மாவட்டத்து மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்ற படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நாம் கிளிமூக்கு என்று சொல்கிற தோத்தாபுரிக்கு விலை சரிந்த பருவம் அது. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு கணக்குச் சொன்னது. சரக்கு இறங்கவே நாள்கணக்கில் ஆனது. பேச்செல்லாம் பழத்தைப் பற்றித்தான், நியாயம். எனக்கு அந்தப் படங்களில் கண் போனது டிராக்டர்களின் பானெட் மேல். வாங்கும்போது சிவப்பாக இருந்தவை பாதிக்குப் பாதி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தன.

இந்தப் பக்கத் தோப்புகளுக்கு மினி டிராக்டர் பொருத்தமான வண்டி. தாழ்ந்த கிளைக்கு அடியில் புகுந்து போகும், இரண்டு மரத்துக்கு நடுவில் திரும்பும், பின்னால் ரோட்டவேட்டரையோ மருந்து டேங்கையோ மாட்டிக்கொள்ளலாம். ஸ்வராஜ் 717, மகிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார், விஎஸ்டி சக்தி எனச் சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று எல்லா நிறமும் கண்ணில் படும். முதலில் தோற்பது சிவப்புதான் என்பது ஊர்க்காரர்களின் கணிப்பு. அதில் உண்மை இருக்கிறது. சிவப்புக்குப் பயன்படும் கரிம நிறமிகள் பல புற ஊதாக் கதிருக்கு எளிதில் உடைபவை.

சிவப்பு நமக்கு வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1936 கடைசியில்தான் தன் டிராக்டர்களைச் சாம்பல் நிறத்திலிருந்து சிவப்புக்கு மாற்றியது. 1963இல் அந்தக் கம்பெனியோடு மகிந்திரா கூட்டுச் சேர்ந்து பி-275 வண்டியை இங்கே தயாரித்தபோது சிவப்பும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அயோவா மாநிலத்து மக்காச்சோளக் காட்டு வெயில் வேறு, சித்திரை மாதத்துத் திருப்பதி வெயில் வேறு.

வெளுத்த பானெட்டில் விரலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவந்த மாவு விரலில் ஒட்டும். நிறமியைப் பிடித்துவைத்திருந்த பிசின் வெயிலில் சிதைந்து, நிறமி தனியாக உதிர்கிறது என்று அர்த்தம். பழைய வண்டியில் ஒட்டிய ‘வெங்கடேஸ்வரா துணை’ ஸ்டிக்கரை உரித்தால், அடியில் எழுத்து எழுத்தாக ஷோரூம் சிவப்பு அப்படியே இருக்கும். காருக்கு மேலே அடிக்கிற கிளியர் கோட் பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது. வெயிலை நேராக வாங்குவது நிறப்பூச்சுதான்.

ஆனாலும் வெளுப்பது நோய் அல்ல, நரைதான். வண்டியை அழிப்பது துரு. தொழிற்சாலையில் தகட்டைக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் முக்கி, பிரைமர் ஏற்றி, நிறம் அடித்துச் சூளையில் வேகவைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு தலைமயிர் தடிமன்தான். கியர்பாக்ஸ், இன்ஜின் போன்ற வார்ப்பிரும்புப் பாகங்களில் மேலோட்டமாகத் துரு பூத்தால் பெரிய நஷ்டமில்லை. கனம் இருக்கிறது, தாங்கும். மட்கார்டு, கால்பலகை, பேட்டரித் தட்டு, பானெட்டின் உள்மடிப்பு ஆகிய மெல்லிய தகடுகளில்தான் ஆபத்து. பானெட்டைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்கள் இந்த நாலு இடத்தையும் எட்டிப் பார்ப்பதில்லை. வண்டி ஓட்டையாவது அங்கிருந்துதான்.

தோப்பில் என்ன நடக்கிறது? பூ எடுக்கும் பருவத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகம், மற்ற பூஞ்சைக்குத் தாமிர மருந்து. போர்டோக் கலவை தயாரிப்பவர்களுக்கு ஒரு பழைய சோதனை தெரியும். தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கி எடுத்தால், அலகில் செம்பழுப்பாகத் தாமிரம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். இலை கருகாமல் இருக்கச் செய்கிற சோதனை இது. கிளை கீறி இரும்பு வெளியே தெரிகிற மட்கார்டும் அந்தக் கத்தி மாதிரிதான். சுண்ணாம்பு குறைந்த கலவை அதன்மேல் தெறித்தால் தாமிரம் அங்கே படிகிறது. தாமிரமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கரைவது இரும்பு. கீறலின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்துத் தூக்கிக்கொள்ளும். மருந்தடித்த அன்றே டேங்கை மட்டும் கழுவிவிட்டு வண்டியை அப்படியே நிறுத்துவது இங்கே சகஜம். டேங்கைக் கழுவும் அதே நேரத்தில் நாலு குடம் தண்ணீர் மட்கார்டுக்கும் ஊற்றலாம்.

உரம் இன்னும் மோசம். கால்பலகையில் பொட்டாஷ் மூட்டையை வைத்து ஓட்டிப் போகிறோம். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. சமையல் உப்பின் பங்காளி. சிந்திய துகள் ரப்பர் விரிப்புக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். விரிப்பைத் தூக்கிப் பார்க்கிற வழக்கமே நமக்கு இல்லை.

நிழல் என்று மாமரத்தடியில் நிறுத்துவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தத்துப்பூச்சி இருக்கிற மரத்தின் அடியில் இனிப்பான கழிவுநீர் தூறல்போல் விழுந்துகொண்டே இருக்கும். இலையில் அதன்மேல் கரும்பூஞ்சை படரும். பானெட்டில் விழுந்தது வெயிலில் காய்ந்து பிசின்போல் இறுகும். அதோடு காயின் சொணை, பறவை எச்சம். உலர்ந்த சாக்கால் அழுத்தித் தேய்த்தால் கறையோடு மினுமினுப்பும் போகும், ஏனென்றால் மேலே படிந்திருப்பது செம்மண் தூசி. அதில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுப்பதே சரி. நாலு கம்பு நட்டு மேலே ஓலையோ தகரமோ போட்ட கொட்டகை எந்த மெழுகையும்விட மேல்.

2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்து, நெல்லூரின் ஒரு பகுதியையும் சேர்த்து உண்டாக்கிய திருப்பதி மாவட்டம் கிழக்கே பழவேற்காடு ஏரி வரை போகிறது. சூளூர்ப்பேட்டை, தடா பக்கம் உப்புக்காற்று. மேற்கே, சித்தூர் மாவட்டத்தில், பலமநேர் மேட்டுநிலம், குளிர்ச்சி. ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு வண்டிகள் இந்த இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மூப்படையாது. ஏரிப் பக்கம் சேற்றுழவு முடித்த வண்டிக்கு, கேஜ் வீலைக் கழற்றியதும் நல்ல தண்ணீர் குளியல் கட்டாயம்.

இனி வாட்டர் சர்வீஸ். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. துணி துவைக்கிற சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றி, கம்ப்ரஸர் குழாயை முழு அழுத்தத்தில் பிடித்து, பெயின்ட் ஏற்கெனவே தூக்கியிருக்கிற ஓரத்தில் நேராக அடிக்கிறார்கள். தூக்கிய ஓரம் பிய்ந்து வருகிறது. கடைசியில் ‘ஃபினிஷிங்’ என்று டீசலைத் தெளிக்கிறார்கள். வண்டி அன்றைக்கு ஜொலிக்கும், உரிமையாளருக்கு மனம் நிறையும். மறுநாள் அந்த எண்ணெய்ப் பசையில் ஊர்த் தூசி முழுக்க ஒட்டும். ரப்பர் ஹோஸ் ஊதும். மறுபெயின்ட் அடித்த வண்டியாக இருந்தால் சாதா எனாமல் பூச்சு இளகும். சோப்புத்தூளின் காரத்தன்மையும் எனாமலுக்கு ஆகாது. காசு கொடுத்து வண்டியைக் கெடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் தெரியவில்லை. கார் ஷாம்பு ஒரு மூடி, மென்மையான துணி, தள்ளிப் பிடித்த குழாய், இவ்வளவுதான் தேவை. போர்வெல் தண்ணீர் உப்பானால் வெயிலில் காயவிடாமல் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் பொட்டு விழும். கோடைக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை மெழுகு போட்டால் போதும். ரப்பிங் காம்பவுண்ட் மாவை எடுத்து நிறத்தைத் திரும்பக் காட்டும்; ஆனால் எடுப்பது பூச்சின் ஒரு பகுதியைத்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைத் தேய்த்தால் சில ஆண்டில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

பூஜை என்றதும் காணிப்பாக்கம் ஞாபகம் வருகிறது. புது வண்டி எடுத்தால் நேராக வரசித்தி விநாயகர் சன்னதிக்கு ஓட்டிப் போவது இந்தச் சீமை வழக்கம். மஞ்சள் பூசினால் கறை நிற்குமே என்று கவலை வேண்டாம்; மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக மங்கிவிடும். சாயம் கலந்த கடைக் குங்குமம்தான் நிற்கும். கற்பூரத்தை மட்டும் தட்டில் வைத்துக் காட்டுங்கள், பானெட் மேல் ஏற்றாதீர்கள்.

கீறல் விழுந்தால் ஆறப்போடாமல் உப்புத்தாளால் இரும்பு வரை தேய்த்து, துரு நீக்கி, பிரைமர் வைத்து, டீலரிடம் கிடைக்கும் அதே கம்பெனி நிறத்தைத் தொட்டு வைக்கலாம். மிகப் பழைய வண்டியைச் சுரண்டுகிறவர்கள் ஜாக்கிரதை. இந்தியாவில் 2017 முதல் அமலில் உள்ள ஈய வரம்பு, பத்து லட்சத்தில் 90 பங்கு, வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்குத்தான். இயந்திரங்களுக்கான தொழில் பெயின்ட் அதில் வராது. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும், முகத்தை மூடவும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் புதுச் சிவப்பைக் கண்டு மயங்க வேண்டாம். ஹோஸ் மேலும் ஒயர் மேலும் பெயின்ட் தூறல் இருக்கிறதா, போல்ட் தலையில் பூச்சு வழிந்து உறைந்திருக்கிறதா, மட்கார்டைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் மொத்தையாகச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள். விலை பேசும் முன் கால்பலகை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பேட்டரியை இறக்கச் சொல்லித் தட்டையும் பாருங்கள். இறக்க மறுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.