நாற்காலி உண்டு, உட்காரத்தான் நேரமில்லை

தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என எங்கே வேலை பார்ப்பவருக்கும் வேலைக்கு நடுவே உட்கார சட்டப்படி உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தத்தை 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டப்பேரவையில் கொண்டுவந்தார். அதன் பிறகும், பெரிய கடை ஒன்றின் சேலைப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்திருப்பார். எடுத்துப்போடுகிற பெண் நின்றுகொண்டுதான் இருப்பார்.

இது காலங்காலமாக வந்த வழக்கமும் இல்லை. பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளைத்துணி விரித்த மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகள் சிலவற்றில் இப்போதும் அப்படித்தான். மாடிமேல் மாடியாகக் கடைகள் வளர்ந்து கண்ணாடி கவுன்ட்டர் வந்தபோது, இந்தப்பக்கம் ஸ்டூல் போட்டார்கள், அந்தப்பக்கம் போடவில்லை. உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பார்த்தால் கடை சோம்பிக் கிடப்பதாக வாடிக்கையாளர் நினைப்பார் என்பது முதலாளிகள் சொல்லும் நியாயம்.

நிற்பதில் அப்படி என்ன கெடுதல்? நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது, மாலையில் பாதம் வீங்குகிறது, வருடக்கணக்கில் தொடர்ந்தால் இரத்த நாளம் புடைத்துச் சுருண்டு 'வெரிகோஸ்' ஆகிறது. இதோடு கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டிய நிலையும் சேர்ந்தால், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று வருகிறது.

கேரளத்தில் உட்காரும் உரிமைக்கான போராட்டம் கழிப்பறையில்தான் தொடங்கியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, கடைப் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அடுத்து உட்கார இடம் கேட்டார்கள். திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் நூறு நாட்களுக்கும் மேலாக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவிலும் இது பேசப்பட்டு ஏற்கப்பட்டது.

ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு இதே உரிமை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி வேண்டும், ஓய்வு வாய்க்கும்போது அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது அதன் 44ஆம் பிரிவு. ஆலைக்குள் சங்கம் இருந்தது, கடைக்குள் இல்லை. கிராமத்திலிருந்து அழைத்து வந்து, கடையின் விடுதியிலேயே தங்கவைத்து, சாப்பாடும் போடுகிற முதலாளியை எதிர்த்து, வேலையோடு படுக்கும் இடத்தையும் இழக்கத் துணிபவர் யார்? 2010இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. கடை ஊழியருக்கு 73 ஆண்டு தாமதம் என்பதை நான் தற்செயல் என்று நம்பவில்லை.

22-ஏ பிரிவின் ஓட்டையும் அதன் வாசகத்திலேயே இருக்கிறது. 'தகுந்த இருக்கை வசதி' என்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை என்று சொல்லவில்லை. வேலையினூடே கிடைக்கும் வாய்ப்பில் உட்காரலாம் என்கிறது. அந்த வாய்ப்பு எப்போது வந்தது என்று தீர்மானிப்பவர் தளத்து சூப்பர்வைசர். எனவே கிடங்குப் பக்கம் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டால் சட்டம் நிறைவேறிவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். 1899இல் இங்கிலாந்து இயற்றிய கடை ஊழியர் இருக்கைச் சட்டம்கூட, மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று எண்ணிச் சொன்னது.

நாற்காலியை மட்டும் தனியாகப் பேசவும் முடியாது. அதே 1947 சட்டப்படி வேலை நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தவருக்கு ஒரு மணி நேர இடைவேளை உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகரிலோ மதுரை விளக்குத்தூண் பக்கமோ இரவு கடை சாத்தும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு, இதில் எத்தனை நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

அரசு உடனே செய்யக்கூடியது ஒன்றுதான்: விதிகளில் ஓர் எண்ணை எழுதுவது. மூன்று பேருக்கு ஒன்று, அதுவும் கவுன்ட்டருக்குப் பின்னாலேயே. எண் இருந்தால்தான் ஆய்வுக்கு வரும் அதிகாரி எண்ணிப் பார்க்க முடியும். வாங்கப் போகிற நாமும் ஒன்று செய்யலாம். உட்கார்ந்தபடியே சேலையை விரித்துக் காட்டினால் அது மரியாதைக் குறைவு இல்லை என்பதை, சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.