திருடன் விட்டுப்போன செருப்பு

“கம்போஸ்ட் தொட்டியில் நெளியும் பி.எஸ்.எஃப். (கறுப்புச் சிப்பாய் ஈ) புழு உரித்த தோலை மல்லிகைக்குப் போட்டால் பூ கொட்டுமாமே?” என்று கேட்டிருக்கிறார் வாசகி ஒருவர். ‘கொட்டும்’ என்று பொட்டலத்தில் அச்சடிக்க மை மட்டும் போதும். ஆனால் அந்தத் தோலுக்குள் இருக்கும் சங்கதி உண்மையிலேயே ருசியானது.

பூச்சித் தோலின் முக்கியச் சரக்கு கைட்டின். பூஞ்சையின் செல்சுவரிலும் அது உண்டு. செடியிடம் மட்டும் துளிகூடக் கிடையாது. ஆகவே கைட்டின் துணுக்கு தட்டுப்பட்டால் செடிக்கு ஒரே அர்த்தம்தான்: வேற்றாள் வந்திருக்கிறான். அதைப் பிடித்துப் பார்ப்பதற்கென்றே செல்லின் மேல் ஒரு புரதம் இருப்பதை 2006இல் நெல்லில் கண்டார்கள்.

வாசலில் திருடனின் செருப்பு கிடக்கிறது என்று வையுங்கள். வீட்டுக்காரர் உஷாராகிவிடுவார். கூடவே, செருப்புக் கடிக்கத் தெருநாய்களும் சேரும். மண்ணில் கைட்டினைத் தின்னும் பாக்டீரியாக்கள்தான் அந்த நாய்கள். தின்று பெருகி, வேரைச் சுற்றித் திண்ணையிலேயே படுத்துக்கொள்ளும். அடுத்த திருடன் வரும்போது வீட்டுக்காரர் முன்னைவிட வேகமாகக் கம்பெடுப்பார். நாய் மென்று துப்பிய செருப்பே தோட்டத்துக்கு உரமாகிறது என்றால் உவமை கிழிந்துவிடும். ஆனாலும் அதுதான் நடக்கிறது. கைட்டினில் சுமார் 7 சதவீதம் நைட்ரஜன்.

 

சரி, பூ எங்கே வந்தது? பூச்சி தொட்ட செடி தன் நாட்காட்டியைத் திருத்திக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி முட்டையிட்ட கருங்கடுகுச் செடி அவசரமாக விதை கட்டுவதை நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். 2020இல் சூரிச்சில், மகரந்தம் கிடைக்காத பம்பிள் தேனீக்கள் இலையைக் கடித்துத் துளைக்க, தக்காளி ஒரு மாதம் வரை முந்திப் பூத்தது. ஆய்வாளர்கள் இடுக்கியும் பிளேடுமாக அதே துளைகளைப் போட்டார்கள். முந்தியது 5 நாள்தான்!

உரித்த தோலையும் வாகனிங்கன்காரர்கள் கடுகில் சோதித்திருக்கிறார்கள். கடுகு ஒரு பருவத்தோடு முடிகிற செடி. மல்லிகை வருஷக்கணக்கில் நிற்கும் புதர். அதற்குக் கவாத்து செய்யாமல் தோலை மட்டும் நம்புவது வீண். செடி செழித்தாலும், அது தோலின் மாயமா, வெறும் நைட்ரஜனா?

இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றுக்குப் புழுத்தோல், மற்றதற்கு அதே அளவு கடலைப் பிண்ணாக்கு. அதிலும் நைட்ரஜன் 7 சதவீதத்தை ஒட்டித்தான். தினமும் பூவை எண்ணி எனக்கு எழுதுங்கள்.