இலினக்சுக் கணினியில் தமிழ் அச்சமைப்பு

கருத்து எத்துணைச் சிறந்ததாயினும், எழுத்துச் சிதைந்தவிடத்துப் பொருளுஞ் சிதையும். கணித நூல்கள் செம்மையாய் அச்சேறுதல் வேண்டுமென்று கருதிய பேராசிரியர் டொனால்ட் குனூத், 1978 இல் 'டெக்' என்னும் அச்சமைப்பு முறையை வெளியிட்டார். 1980களில் லெஸ்லி லாம்போட் அதன்மேல் 'லாடெக்' என்பதை அமைத்தார்.

ஆயின், பழைய டெக் பொறி தமிழுக்கு ஏற்றதன்று. 'கெ' என்புழிக் ககரம் முன்னும் எகரக்குறி பின்னுமாகக் கணினியிற் சேமிக்கப்படும். தாளிலோ குறியே முன்னிற்றல் வேண்டும். இம்மாற்றத்தை அறிந்து செய்வது, ஜொனதன் கியூ 2004 இல் வெளியிட்டதும் 2006 முதல் இலினக்சில் இயங்குவதுமாகிய 'சீடெக்' பொறியாகும்.

உபுண்டு முதலிய இலினக்சு வகைகளிலே, மென்பொருட் களஞ்சியத்திலிருந்து 'டெக் லைவ்' தொகுதியின் சீடெக் பகுதியை முதலில் நிறுவுதல் வேண்டும். அடுத்து, நோட்டோ போன்ற யூனிகோட் தமிழெழுத்துரு ஒன்றை நிறுவுக. மூன்றாவதாக, ஆவணத்தின் முகப்பில் 'வொண்ட்ஸ்பெக்' பொதியை அழைத்து, எழுத்துருவின் பெயரையும், வரிவடிவம் தமிழ் என்பதையுங் குறித்தல் வேண்டும். இதனை மறந்தார்க்கு முன்னைய இரண்டும் பயன்படா. இயல்பாக அமைந்த எழுத்துருவில் தமிழ் இன்மையின் எழுத்துக்கள் தாளில் உரியவாறு தோன்றா. பொறியோ பிழையென்று நில்லாது மேற்செல்லும். ஆதலின், பொறி எழுதும் பதிவேட்டை நோக்கி, விடுபட்ட எழுத்து உண்டோவென ஆராய்ந்த பின்னரே ஆவணத்தை அச்சுக்கு விடுத்தல் தக்கதாம்.