தோற்சட்டை மீன் வாழுமிடங்கள்

ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரத்தார் 'லெதர்ஜாக்கெட்', அதாவது தோற்சட்டை, என்றழைக்கும் மீனைப்பற்றி ஈண்டுச் சிறிது கூறுவோம். இது நம் பரதவர் கிளாத்தி என்பதற்கு இனமானது. சொரசொரப்பான தோலும், தலைமேல் ஒரு முள்ளும், கூரிய பற்களமைந்த சிறுவாயும் உடையது. பாறைகளிலும் துறைத்தூண்களிலும் ஒட்டிவாழும் சிற்றுயிர்களைக் கொறித்துண்பதாதலின், அவ்விடங்களிலும் கடற்பாசி அடர்ந்தவிடங்களிலும் இதனை நாம் தேடல் வேண்டும். சிறிய, நீண்ட காம்புடைய தூண்டில்முள்ளே ஏற்றது; இன்றேல் கயிற்றைக் கடித்தறுத்துவிடும்.

எனினும், மீன் அகப்படும் இடமெல்லாம் நல்லிடமாகா. பழைய ஆலைக்கழிவுகளால் அடிச்சேற்றில் படிந்த டையாக்ஸின் நஞ்சு மீன்களிலும் காணப்பட்டமையின், 2006-ஆம் ஆண்டில் சிட்னித் துறைமுகத்தில் வாணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அங்குள்ள பெரும்பாலத்திற்கு மேற்கே பிடித்த மீனை உண்ணலாகாதெனவும், கிழக்கே பிடித்ததை அளவறிந்தே உண்ணல்வேண்டுமெனவும் அரசாங்கத்தார் அறிவுறுத்துகின்றனர். ஆதலின், மீனின் இயல்போடு நீரின் வரலாற்றையும் அறிந்து தூண்டிலிடுதலே நமக்கு நலமாம்.