சாவி பக்கத்தில்தான் இருக்கிறதா?

இரண்டு கையிலும் காய்கறிப் பைகள். இடுப்பில் பிள்ளை. கார் சாவியோ கைப்பையின் அடியில் எங்கோ கிடக்கிறது. கதவுப் பிடியில் விரல் பட்டதும் ‘டக்’கென்று பூட்டு திறக்கிறது. உள்ளே ஏறி, பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் என்ஜின் ஓடத் தொடங்குகிறது. ஒரு காலத்தில் விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இந்த வசதி, இன்று மைவி, சாகா கார்களின் உயர் ரகங்களிலும் வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டால், “அதில் சென்சார் இருக்கிறது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கார் விற்பவர்களிடம் நான் கேட்டபோதும் அதே சொல்தான் பதிலாக வந்தது. ஆனால், இரவு வாசலில் நிறுத்திய கார் காலையில் அங்கேயே இருக்குமா என்பது இந்தச் ‘சென்சார்’ வேலை செய்யும் விதத்தைப் பொறுத்தது. அதனால் கொஞ்சம் உள்ளே புகுந்து பார்ப்போம்.

பொத்தானை அழுத்தித் திறக்கும் ரிமோட் பழைய சங்கதி. 1982இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் தன் ஃபுயேகோ காரில் அதைக் கொண்டுவந்தது. அதில் சாவி பேசும், கார் கேட்கும். தொடக்க கால ரிமோட்டுகள் பல, ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பின. யாராவது ஒளிந்திருந்து அதைப் பதிவு செய்து, பிறகு ஒலிபரப்பினால் போதும், கதவு திறந்துவிடும். அதற்கு மாற்றாக வந்ததுதான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறும் குறியீடு. நேற்று பயன்பட்ட குறியீடு இன்று செல்லாது.

கையில் எடுக்கவே தேவையில்லாத ‘ஸ்மார்ட் கீ’ வேறு மாதிரி. இதில் முதலில் பேசுவது கார்தான். கதவுப் பிடியைத் தொட்டதும், கார் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அலைவரிசையில் ஒரு கேள்வியை அனுப்புகிறது. அந்தக் கேள்விக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிய ஓர் எண் இருக்கும். சாவி தனக்குள் இருக்கும் இரகசியக் குறியீட்டைக் கொண்டு அந்த எண்ணுக்கு விடை கணக்கிட்டு, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையில் பதில் சொல்கிறது. காரும் அதே கணக்கைப் போட்டு வைத்திருக்கும். விடை பொருந்தினால் கதவு திறக்கும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

காரின் கேள்வி ஏன் தாழ் அலைவரிசையில் போகிறது? இந்த வகைக் காந்த அலை சில அடிகளுக்குள் மளமளவென்று தேய்ந்துவிடும். ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் இருக்கும் சாவிக்குக் கேட்கவே கேட்காது. கதவுகளிலும் இருக்கைகளுக்கு இடையிலும் பின்பெட்டியிலும் சிறு ஆண்டெனாக்கள் உண்டு. எந்த ஆண்டெனாவின் அலை எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்பதை வைத்து, சாவி காருக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கார் முடிவு செய்கிறது.

கிள்ளானில் இருக்கும் என் மாமா, இந்த வகைக் காரை வாங்கிய முதல் வாரம் முழுவதும் பூட்டு கெட்டுப்போனது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காரைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார். சந்தேகம் வந்து திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். கதவு திறந்துகொள்ளும். சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு கதவை இழுத்தால் திறக்கத்தானே செய்யும்! கடைசியில் அத்தை சாவியை வாங்கிக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நின்ற பிறகுதான் மாமாவுக்கு மனம் ஆறியது.

மாமாவின் காருக்குச் சாவி பக்கத்தில் இருப்பது உண்மையில் தெரியாது. தன் கேள்வி சாவிக்குக் கேட்டது, சரியான பதில் வந்தது என்பது மட்டும்தான் தெரியும். கேட்கிறது என்றால் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று அது ஊகித்துக்கொள்கிறது. திருடர்கள் கை வைப்பது அந்த ஊகத்தில்தான்.

ஒரு பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு, பேரன் குரல் கேட்டால் மட்டுமே திறப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பள்ளியில் இருக்கிறான். ஒருவன் வாசலில் கைப்பேசியோடு நிற்கிறான், அவன் கூட்டாளி பள்ளியில் பேரன் பக்கத்தில் இன்னொரு கைப்பேசியோடு நிற்கிறான். பாட்டி கேட்கும் கேள்வி பேரனுக்குப் போகிறது, பேரனின் பதில் பாட்டிக்கு வருகிறது. குரலும் அசல், பதிலும் அசல். பாட்டி கதவைத் திறந்துவிடுவார். கார்த் திருட்டிலும் இதே கதைதான். ஒருவன் காரருகே ஒரு கருவியோடு நிற்பான், மற்றவன் வீட்டுச் சுவரோரம் இன்னொரு கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இரகசியக் குறியீட்டை உடைக்கத் தேவையே இல்லை. 2011இல் சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார்களில் இதைச் சோதித்தார்கள். பத்துமே ஏமாந்தன.

கிளப்பிய பிறகு கார் ஏன் நிற்பதில்லை என்று கேட்கலாம். நெடுஞ்சாலையில் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்தால் என்ஜின் நின்றுவிடக் கூடாது. அதனால், ஓடும் கார் சாவியைக் காணோம் என்று எச்சரிக்குமே தவிர நிற்காது. கணவரை எல்.ஆர்.டி. நிலையத்தில் இறக்கிவிட்டு, அவர் சட்டைப்பையோடு சாவியையும் அனுப்பிவிட்டு, கடை வாசலில் என்ஜினை அணைத்த பிறகு தவிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

நம் தாமான்களின் வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். காரின் மூக்கு வரவேற்பறைச் சன்னலைத் தொடும். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி, அதில் சாவிக்கொத்து. இல்லாவிட்டால் சப்பாத்து அலமாரியின் மேல். சுவருக்கு வெளியே நிற்பவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. சாவியை வீட்டின் உள்ளறைக்கு மாற்றுவது செலவில்லாத முதல் வேலை. இறுக மூடும் இரும்பு பிஸ்கட் டின்னும் உதவும், ஆனால் எல்லா டின்னும் உதவாது. சாவியை உள்ளே வைத்து மூடி, டின்னோடு காரருகே போய்க் கதவை இழுத்துப் பாருங்கள். திறந்தால் அந்த டின் முறுக்குக்குத்தான் ஆகும்.

சில சாவிகளை உறங்க வைக்கவும் முடியும். டொயோட்டாவின் பல சாவிகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இருமுறை அழுத்தினால் சாவி கேட்பதை நிறுத்திக்கொள்ளும். வேறு சில நிறுவனங்கள், கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் தானே உறங்கும் சாவிகளைத் தருகின்றன. உங்கள் கார்க் கையேட்டில் தேடிப் பாருங்கள். பேரங்காடி நிறுத்துமிடத்தில் பிரச்சினை வேறு. அங்கே அலையை அடைக்கும் கருவியை வைத்திருப்பவன், நீங்கள் அழுத்திய ‘பூட்டு’ காருக்குப் போய்ச் சேராமல் செய்யலாம். விளக்கு மினுங்கியதா, கண்ணாடி மடங்கியதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

சாவியைத் தொடாமலே திருடும் வழியும் வந்துவிட்டது. முன்விளக்கின் பின்னால் இருக்கும் கம்பிகள் வழியாகக் காரின் உள் கணினி வலைக்குள் போலிக் கட்டளை செலுத்தும் முறை 2023இல் விரிவாக வெளிச்சத்துக்கு வந்தது. டின்னில் வைத்த சாவி இதைத் தடுக்காது. அதனால்தான் பலர் கேலி செய்யும் அந்தப் பழைய ஸ்டீயரிங் பூட்டுக் கம்பியை நான் இன்னும் மாட்டுகிறேன்.

ஊகத்தை அடியோடு மாற்றும் தீர்வும் உண்டு. அலையின் வலுவைப் பார்க்காமல், அது போய்வரும் நேரத்தை அளப்பது. வானொலி அலை ஒரு நானோ விநாடியில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். நடுவில் யார் புகுந்தாலும் நேரம் கூடுமே தவிர குறையாது. ‘அல்ட்ரா வைட்பேண்ட்’ எனப்படும் இந்த முறையைத் தன் ஐ.எக்ஸ் காரில் தருவதாக பி.எம்.டபிள்யூ 2021இல் அறிவித்தது. சில்லு இருந்தால் மட்டும் போதாது, கார் அதைக் கொண்டு தூரத்தை அளக்கவும் வேண்டும். அடுத்த முறை ஷோரூமில் ‘சென்சார்’ என்ற பதில் வந்தால் இதையும் கேட்டுப் பாருங்கள்.

இனி, தூரத்திலிருந்தே என்ஜினைக் கிளப்பும் வசதி. கனடா போன்ற பனி நாடுகளில் காரைச் சூடாக்க உதவும் இதை, நாம் குளிரூட்டப் பயன்படுத்துகிறோம். ஹோண்டா சிட்டி, புரோட்டான் எக்ஸ்50 போன்றவற்றின் சில ரகங்களில் சாவியிலேயே இதற்குப் பொத்தான் உண்டு. இங்கே பேசுவது சாவி, தாழ் அலை தேவையில்லை, அதனால் பல பத்து மீட்டர் எட்டும். கதவுகள் பூட்டியுள்ளனவா, கியர் ‘பி’யில் உள்ளதா, பானெட் மூடியுள்ளதா என்று பார்த்த பிறகே கார் கிளம்பும். யாரும் வராவிட்டால் குறிப்பிட்ட நேரத்தில், பல கார்களில் 10 நிமிடத்தில், தானே அணையும். கண்ணாடியை உடைத்து ஏறினாலும் சாவி உள்ளே இல்லாமல் ஓட்டிப் போக முடியாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அமெரிக்காவில், வீட்டோடு ஒட்டிய கராஜில் சாவியில்லாக் காரின் என்ஜின் அணையாமல் இருந்ததால், 2006 முதல் இரண்டு டஜனுக்கும் மேற்பட்டோர் இறந்ததாக 2018இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நம் வாசல்கள் திறந்தவை என்றாலும், தானியங்கிக் கதவு போட்டு மூடியவர்களும், சன்னலுக்கு நேராகப் புகைக்குழாய் நிற்கும்படி பின்பக்கமாக நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கும் அறை அதுவென்றால் அங்கே அந்தப் பொத்தானே வேண்டாம். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: நிறுத்திய காரின் என்ஜினைக் காரணமின்றி ஓடவிடுவது அங்கே குற்றம்.

இந்த வசதி இல்லாத காருக்குக் கடையில் தனியாகப் பொருத்திக்கொள்கிறவர்கள், பொருத்துபவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “காரின் திருட்டுத் தடுப்பை எப்படித் தாண்டுகிறீர்கள்?” மாற்றுச் சாவியின் சில்லை டேஷ்போர்டுக்குள் மறைத்து வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால், ஒரு சாவியை நிரந்தரமாகக் காருக்குள்ளேயே விட்டுவைத்ததாகிவிடும்.

பழைய கார் வாங்கும்போதும் இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், எத்தனை சாவிகள் காரின் நினைவகத்தில் பதிவாகியுள்ளன என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். கணினியை இணைத்தால் பெரும்பாலான கார்களில் அந்த எண்ணிக்கை தெரிந்துவிடும். கைக்கு வராத சாவியை அங்கேயே அழித்துவிடலாம்.